ஜன்னல் அளவுக்குத்தான் தோட்டம்

நர்சரியில் வீட்டுச் செடி என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை வேறெங்கோ மரநிழலில் வாழப் பழகியவை. மணி பிளாண்ட் பசிபிக் கடலின் மோரியா தீவைச் சேர்ந்த கொடி. காட்டில் மரத்தைப் பற்றி ஏறும்போது அதன் இலை முறம்போல விரிந்து, ஓரங்கள் கிழிந்து தொங்கும். ஸ்நேக் பிளாண்ட் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் நாருக்காக அறியப்பட்ட மருளுக்கு நெருங்கிய உறவு. இசட்-இசட் செடி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குரியது. மண்ணுக்குள் கிழங்கு வைத்து, அதில் நீரைச் சேர்த்துக்கொண்டு மழையில்லாத மாதங்களைக் கடத்தும். நகரத்து அடுக்குமாடிக் கூடங்களில் இவை மூன்றும் இடம்பிடித்ததற்கு அழகு மட்டும் காரணமல்ல. குறைந்த ஒளியையும் வீட்டாரின் மறதியையும் ஓரளவு தாங்கும் உடல்வாகு இவற்றுக்கு உண்டு.

அப்படியிருந்தும், ஜனவரி முதல் வாரத்தில் ஆசையாக வாங்கிவரும் தொட்டிகளில் பல, கத்திரி வெயில் முடிவதற்குள் பால்கனி மூலையில் வெறும் மண்ணோடு நிற்கின்றன. புத்தாண்டில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் எண்ணிக்கையாக இருக்கும்: இருபது செடி, ஒரு பசுமைச் சுவர், சமையலறையில் ஒரு கீரைத் தோட்டம். எண்ணிக்கை செடியின் கையிலும் இல்லை, வளர்ப்பவர் கையிலும் இல்லை. ஜன்னல் வழியே எவ்வளவு ஒளி வருகிறது, வாரத்தில் எத்தனை நிமிடம் செடிக்கென்று கிடைக்கும், மே மாதத்தில் வீடு எத்தனை நாள் பூட்டிக்கிடக்கும் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. எட்டக்கூடிய இலக்கு என்பது இந்த மூன்றையும் முதலில் அளந்துவிட்டு, அதற்குள் அடங்குவதைக் கேட்பது.

ஒளியே முதல் கணக்கு

வெயிலிலிருந்து கூடத்துக்குள் நுழைந்ததும் இருட்டாகத் தெரியும் அறை, சில நிமிடங்களில் வெளிச்சமாகிவிடுகிறது. அறை மாறவில்லை, கண் பழகிக்கொண்டது. செடிக்கு அந்த வசதி இல்லை. உச்சி வெயிலில் திறந்த வெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் ஒளி இருக்கும். ஜன்னலை ஒட்டி, நேர் வெயில் படாத இடத்தில் அது சில ஆயிரமாகக் குறையும். பத்தடி உள்ளே தள்ளி, தொலைக்காட்சி அலமாரியின் மேல், நூறோ இருநூறோதான் மிஞ்சும். கண்ணுக்கு இரண்டும் ‘நல்ல வெளிச்சம்’. செடிக்கு முதலாவது சாப்பாடு, இரண்டாவது பட்டினி.

பட்டினி உடனே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். இலையிலும் தண்டிலும் சேர்த்துவைத்த இருப்பைச் செலவழித்து, செடி இரண்டு மூன்று மாதம் பழைய தோற்றத்திலேயே நிற்கும். பிறகு கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டு மெலியும். புது இலை பழையதைவிடச் சிறுத்து வரும். வரிகளும் புள்ளிகளும் மங்கிப் பச்சையாகும். அந்தக் கட்டத்தில் பலரும் உரம் வைக்கிறார்கள், அல்லது தண்ணீரைக் கூட்டுகிறார்கள். இரண்டும் நிலைமையை மோசமாக்கும். ஒளி குறைந்த இடத்தில் செடி நீரைக் குடிக்கும் வேகமும் குறைவு. ஊற்றிய நீர் தொட்டிக்குள்ளேயே நின்று வேரை அழுகவைக்கும்.

ஆகவே புத்தாண்டின் முதல் இலக்கு எதையும் வாங்காமல் செய்யக்கூடியது. இரண்டு வாரம், செடி வைக்க நினைக்கும் ஒவ்வொரு இடத்திலும் காலை ஒன்பது, நண்பகல், மாலை நான்கு என மூன்று வேளை ஒளியை அளந்து எழுதிவைப்பது. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் அளவிச் செயலி துல்லியமானதல்ல. ஆனால் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிட அது போதும். செயலி இல்லாவிட்டாலும் ஒரு வெள்ளைத் தாளும் கையும் உண்டு. தாளுக்கு ஓரடி மேலே கையை நீட்டினால் விளிம்பு கூர்மையாக நிழல் விழும் இடம் நல்ல ஒளி. மங்கலான நிழல் நடுத்தரம். நிழலே விழாத இடத்தில் செடி வேண்டாம்; அங்கே ஒரு படத்தை மாட்டலாம்.

திசையைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க நூல்களை ஒட்டி எழுதப்படும் குறிப்புகள் தெற்கு ஜன்னலே வெளிச்சம் மிகுந்தது, வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று சொல்கின்றன. லண்டனுக்கு அது சரி. சென்னை பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் ஒருமுறையும் ஆகஸ்ட் 18 வாக்கில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் இங்கே தலைக்கு நேர் மேலே நிற்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதம் அது வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே கடக்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் வெயில் விழும். தெற்கு ஜன்னல் நிழலாகும். டிசம்பரில் எல்லாம் தலைகீழ்: நண்பகலிலேயே சூரியன் தெற்கே 53 பாகை உயரத்தில்தான் இருக்கும் என்பதால் வெயில் தெற்கு ஜன்னல் வழியே கூடத்துக்குள் நன்றாக நுழையும். மார்கழியில் தெற்கு ஜன்னலைப் பார்த்து மயங்கி அங்கே வைத்த செடி, வைகாசியில் ஏன் சோர்கிறது என்பதற்கு இதுவே விடை. தமிழகத்து வீட்டில் செடிக்கு ஆண்டுக்கு இரண்டு இடம் தேவைப்படலாம். அந்த இடமாற்றத்தையும் நாள்காட்டியில் குறித்துவைப்பது ஒரு நல்ல இலக்கு.

ஆண்டு முழுவதும் நம்பத்தக்கது கிழக்கு. காலை வெயில் சூடில்லாதது; பத்து மணிக்குள் விலகிவிடும். மேற்கு ஜன்னலின் பிற்பகல் வெயில் பங்குனிக்குப் பிறகு கண்ணாடி வழியாகவே இலையைக் கருக்கும். ஜன்னல் மேலுள்ள சன்ஷேடும் கொசுவலையும் ஒளியில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். எதிரே எழும் புதுக் கட்டடம் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும்.

ஒளி போதாத வீட்டில் எல்.இ.டி. விளக்கு உதவும். 20 வாட் விளக்கு ஒன்றை நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் மாதம் சுமார் ஏழு யூனிட் மின்சாரம் ஆகும். செடிக்கு ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, தானாக அணையும் டைமர் வைத்துவிட்டால், ஜன்னலே இல்லாத அலுவலக மேசையிலும் இலைச் செடி வளரும்.

மூன்று போதும்

முதல் ஆண்டுக்கு மூன்று செடி என்பது கஞ்சத்தனமான எண் அல்ல. ஒரு தொட்டியைத் தொட்டுப் பார்த்து, தேவையானால் நீர் ஊற்றி, இலையைத் துடைத்து, அடிப்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க மூன்று நிமிடமாவது ஆகும். இருபது தொட்டிக்கு ஒரு மணி நேரம். வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீட்டில் அந்த ஒரு மணி நேரம் முதல் மாதம் கிடைக்கும்; மூன்றாவது மாதம் கிடைக்காது. மூன்று செடிக்குப் பத்து நிமிடம் எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் உண்டு.

மூன்றும் ஒரே வகையாக இல்லாமல் இருப்பது நல்லது. மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும் ஒன்று: ஸ்நேக் பிளாண்ட் அல்லது இசட்-இசட். தண்ணீர் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும் ஒன்று: பீஸ் லில்லி. அதன் இலைகள் தாகத்தில் மொத்தமாகத் துவண்டு, நீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். புதிதாக வளர்ப்பவருக்கு அதைவிடத் தெளிவான ஆசான் இல்லை. மூன்றாவதாக, வெட்டி வைத்துப் பெருக்கக்கூடிய ஒன்று. இந்த இடத்துக்கு எல்லோரும் மணி பிளாண்டைச் சொல்வார்கள். அதைவிடத் தகுதியான ஒன்று தமிழகத்திலேயே இருக்கிறது.

வெற்றிலையை வீட்டுச் செடியாக யாரும் பட்டியலிடுவதில்லை என்பது ஒரு குறை. அது நிழல் விரும்பும் கொடி. சோழவந்தானிலும் ஆத்தூரிலும் கும்பகோணத்தைச் சுற்றிய ஊர்களிலும் உள்ள கொடிக்கால்களில் முதலில் அகத்தியை விதைத்து வளர்க்கிறார்கள். பிறகு அதன் அடியில் வெற்றிலைத் தண்டை நட்டு, கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். அகத்தி தாங்குகோலாகவும் இருக்கிறது, வெயிலைச் சல்லடையிட்டுத் தரும் பந்தலாகவும் இருக்கிறது. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது என்பது கொடிக்கால்காரரின் அன்றாடக் கவலை. ‘வடிகட்டிய பிரகாசமான ஒளி, ஈரப்பதம், நல்ல வடிகால்’ என்று வீட்டுச் செடி நூல்கள் சொல்வதெல்லாம் ஒரு கொடிக்காலுக்குள் நுழைந்தால் கண்ணெதிரே கிடைக்கும். சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. கிழக்குப் பார்த்த ஜன்னலோரம், ஒரு கொம்பு ஊன்றிய தொட்டியில், கணுவோடு வெட்டிய ஒரு துண்டிலிருந்து வெற்றிலை வளரும். குளிர்சாதனக் காற்று நேரே படும் அறை மட்டும் அதற்கு ஆகாது.

நர்சரியிலிருந்து வந்த செடியின் முதல் மாதத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். சென்னைக்கு வரும் அலங்காரச் செடிகளில் பல ஆந்திராவில் ராஜமுந்திரிக்கு அருகே கோதாவரிப் படுகையில் உள்ள கடியம் போன்ற ஊர்களின் நிழல்வலைக் குடில்களில் வளர்ந்தவை. அங்கே கிடைத்த ஒளியும் ஈரமும் கூடத்தில் கிடைக்காது. எனவே முதல் சில வாரங்களில் அடி இலைகள் இரண்டு மூன்று மஞ்சளாகி விழுவது நோயல்ல. புது வீட்டுக்கு ஏற்றபடி செடி தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் தொட்டி மாற்றுவதும் உரம் வைப்பதும் கூடாது. மற்ற செடிகளிலிருந்து இரண்டு வாரம் தள்ளிவைத்துக் கவனித்தால், ஒட்டிக்கொண்டு வந்த மாவுப்பூச்சி பரவாமல் பிடிபடும்.

பார்க்கும் நாள், ஊற்றும் நாள் அல்ல

வீட்டுச் செடி காய்ந்து சாவதைவிட மூழ்கிச் சாவதே அதிகம். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துக்கொண்டால் ஆக்ஸிஜன் இல்லாமல் வேர் செத்துப்போகும், செத்த வேரைப் பூஞ்சை அழுகவைக்கும், வேர் இல்லாததால் நீர் மேலே ஏறாது, இலை துவளும். துவண்ட இலையைப் பார்த்து வீட்டார் இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள். அக்கறைதான் செடியைக் கொல்கிறது என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம், நடப்பது அதுதான்.

‘வாரம் இருமுறை தண்ணீர்’ என்ற வகை இலக்கு இதனாலேயே தவறானது. பங்குனியில் அது போதாது, கார்த்திகையில் அது அதிகம். நிலையாக வைத்துக்கொள்ள வேண்டியது சோதிக்கும் நாளை மட்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது ஒரு வழி. தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது அதைவிட நல்ல வழி. நீர் ஊற்றிய உடனே இருந்த எடையும் காய்ந்தபின் உள்ள எடையும் கைக்கு நான்கைந்து வாரத்தில் பழகிவிடும். தேவை என்று தெரிந்தால் அடித்துளை வழியே வெளியேறும் வரை ஊற்ற வேண்டும். தேவையில்லையென்றால் ஒரு சொட்டும் வேண்டாம்.

இந்தச் சோதனையைப் பழக்கமாக்குவதற்கு உளவியல் ஆய்வுகள் இரண்டு உதவும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ‘செடியைக் கவனிப்பேன்’ என்ற பொதுவான உறுதியைவிட, ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப்போட்ட திட்டம் நிறைவேற வாய்ப்பு அதிகம். ஞாயிறு காலைக் காபி குடித்த டம்ளரை வைத்ததும் தொட்டிகளைத் தூக்கிப் பார்ப்பது அத்தகைய முடிச்சு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு புதுச் செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை அது வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. ஜனவரி 1-இல் தொடங்கினால் 66 நாள் மார்ச் முதல் வாரத்தில் முடிகிறது. மாசி முடியப்போகும், வெயில் ஏறத் தொடங்கும் நேரம். செடிக்கு உண்மையான சோதனை வரும் வேளையில் வளர்ப்பவரின் கை தயாராக இருக்கும்.

பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் குறிக்கப்படும் மாதக் காலண்டரே இதற்குச் சிறந்த பதிவேடு. ஊற்றிய நாளில் ஒரு புள்ளி. புது இலை வந்த நாளில் ஒரு கோடு. ஆண்டு முடிவில் அந்தப் புள்ளிகளின் இடைவெளியே அந்த வீட்டின் நீர்க் கணக்கைச் சொல்லிவிடும். வேறெந்த நூலும் அதைச் சொல்ல முடியாது.

மண்ணும் நீரும்

தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் சில மாதத்தில் அது செங்கல்லாக இறுகும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அதில் ஒரு கை மணலும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் என்ற கலவை பெரும்பாலான இலைச் செடிகளுக்குப் பொருந்தும். ஸ்நேக் பிளாண்டுக்கு மணல் கூடுதலாக வேண்டும். கோகோபீட் என்று கட்டியாக விற்கப்படும் நார்த்தூள் பொள்ளாச்சிப் பக்கம் பெருமளவில் தயாராகிறது. அதில் உப்பு மிகுந்திருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலானது, ஆனால் பொய்யானது. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் சட்டென்று பெருங்கற்களுக்குள் இறங்காது. ஜல்லிக்கு மேலேயே தங்கி, ஈரம் தேங்கும் பகுதியை வேருக்கு இன்னும் அருகே கொண்டுவந்துவிடும். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியிடுவதால், அடிக்கடி நீர் ஊற்றும் கை உள்ளவர்களுக்கு அது பாதுகாப்பு. மறதிக்காரர்களுக்கு பிளாஸ்டிக் தொட்டி.

சென்னையிலும் கடலோர ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பேறியது. தொட்டி விளிம்பில் படியும் வெள்ளைப் படலமும் இலை நுனியில் தோன்றும் காய்ந்த பழுப்பும் அதன் அடையாளங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல நீரை விட்டு, அடித்துளை வழியே வடிய வடிய மூன்று முறை மண்ணைக் கழுவினால் சேர்ந்த உப்பு இறங்கும். சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரைச் செடிக்கு விடுவதைச் சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க அது போதும், தொட்டிக்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர், காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கியது என்பதால் உப்பில்லாதது. மே மாதத்தில் ஒரு வாளி வைத்துப் பிடித்தால் அலங்காரச் செடிகளுக்கு அது தாராளம்.

மாதம் பார்த்து இலக்கு

குளிர்நாட்டில் செடிகள் டிசம்பரில் உறங்குகின்றன; அங்குள்ளவர்கள் வசந்தத்துக்குக் காத்திருக்கிறார்கள். தமிழகத்தில் புத்தாண்டு பிறக்கும் நேரம் வேறு மாதிரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இரவில் இதமான குளிரும் பகலில் தெளிந்த வெயிலும் இருக்கும் தை, மாசி மாதங்களே தொட்டி மாற்றவும் புதுச் செடி வாங்கவும் ஏற்றவை. கோடைக்கு முன் வேர் பிடிக்க எட்டு, பத்து வாரம் கிடைக்கும். புதுத் தொட்டி பழையதைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சமையலறை இலக்குக்கும் இதுவே காலம். கொத்தமல்லி வெப்பத்தைத் தாங்காது. கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையே விதைத்தால்தான் கீரையாக நிற்கும், கோடையில் விதைத்தால் அவசரமாகப் பூத்துவிடும். தனியாவை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். விரைவில் ஏதாவது கண்ணில் தெரிந்தால்தான் ஊக்கம் நிற்கும் என்பவர்கள் வெந்தயத்திலிருந்து தொடங்கலாம். இரவு ஊறவைத்து, ஓர் அகலமான தட்டில் ஈர நார்த்தூளின் மேல் தூவினால், ஏழு முதல் பத்து நாளில் இளந்தளிராகக் கத்தரித்துக் கூட்டில் போடலாம். மூன்று வாரம் விட்டால் கீரை. ஜனவரிக்குள்ளேயே ஓர் அறுவடை கையில் கிடைக்கும்.

பங்குனியிலிருந்து வைகாசி வரை ஒரே இலக்குதான்: இருப்பதைக் காப்பது. புதுச் செடி வேண்டாம், உரம் வேண்டாம், தொட்டி மாற்றம் வேண்டாம். மேற்கு ஜன்னலில் உள்ளவற்றை மூன்றடி உள்ளே தள்ளி, தொட்டிகளை நெருக்கமாக வைத்தால் ஒன்று வெளிவிடும் ஈரம் மற்றதற்கு உதவும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திர நாட்களில் வளர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆனி, ஆடியில் முதல் மழை தொட்டதும் காற்றில் ஈரம் கூடும். வெட்டி நடவும் பெருக்கவும் அதுவே பருவம். மணி பிளாண்டுத் துண்டில் ஒரு கணுவாவது இருக்க வேண்டும். வேர் கணுவிலிருந்துதான் வரும். நீரில் வைத்தால் இரண்டு முதல் நான்கு வாரம். ஸ்நேக் பிளாண்டின் இலையைத் துண்டாக்கி மண்ணில் செருகினால் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். மஞ்சள் கரையுள்ள வகையை இப்படிப் பெருக்கினால் குட்டி வெறும் பச்சையாகவே வரும். கரையோடு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். ஒரு செடியை இரண்டாக்குவது முதல் ஆண்டின் மிக உயர்ந்த இலக்காக இருக்கட்டும். வாங்குவதைவிட அது செடியைப் பற்றி அதிகம் கற்றுத்தரும்.

ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் ஒளி குறையும், மண் காயாது. நீர் ஊற்றும் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டிய காலம் அது. புயல் எச்சரிக்கை வந்தால் பால்கனித் தொட்டிகள் உள்ளே வர வேண்டும். தொங்கும் தொட்டிகள் தரைக்கு இறங்க வேண்டும்.

கேட்கக் கூடாதவை

செடி அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கைக்கு மூலம், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை. சிறிய, காற்றுப்புகாத பெட்டிகளுக்குள் செய்த சோதனை அது. வீடு பெட்டியல்ல, கதவிடுக்கு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் காற்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் கம்மிங்ஸ், மைக்கேல் வேரிங் இருவரும் இத்தகைய பழைய ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். காற்றோட்டம் தானாகச் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை தேவைப்படும் என்பது அவர்கள் கண்டது. ஜன்னலைத் திறந்துவைப்பதே மேல். ஸ்நேக் பிளாண்ட் இரவில் ஆக்ஸிஜன் தரும் என்பதும் அப்படியே. அது இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கிவைக்கிறது. ஆக்ஸிஜன் பிறப்பது ஒளி உள்ள பகலில்தான்.

மணி பிளாண்ட் பூக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பூப்பதற்குத் தேவையான ஜிபரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்வதில்லை. துளசி, மல்லிகை, ரோஜா, கறிவேப்பிலை ஆகியவை நேர் வெயில் கேட்பவை. அவற்றின் இடம் மாடி. அதற்குத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித் தோட்டத் தளைகள் இருக்கின்றன. இந்தச் செடிகளைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தன்னைக் குறைசொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

செடியால் வீட்டாருக்குக் கிடைக்கும் நன்மை வேறிடத்தில் இருக்கலாம். 1976-இல் எல்லன் லாங்கர், ஜூடித் ராடின் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில், ஒரு தளத்தில் உள்ளவர்களுக்குத் தாமே தேர்ந்தெடுத்துப் பராமரிக்கச் செடி கொடுத்தார்கள். அன்றாட முடிவுகள் சிலவற்றையும் அவர்களிடமே விட்டார்கள். இன்னொரு தளத்தில் செடி கொடுத்து, செவிலியர் நீர் ஊற்றுவார்கள் என்றார்கள். சில வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருப்பதாகப் பதிவானது. சிறிய ஆய்வுதான். ஆனால் வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் ஒரு தொட்டியை முழுப் பொறுப்போடு ஒப்படைக்க அதுவே போதிய காரணம்.

பூச்சி, கொசு, குழந்தை

மாவுப்பூச்சி இலைக்காம்பின் மூட்டில் பஞ்சுபோலத் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டால், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்தால் தீரும். பரவிவிட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் அது கரைய சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து, வாரம் ஒருமுறை மூன்று வாரம் தொடர வேண்டும். அரிசி கழுவிய நீர், வெங்காயத்தோல் நீர் போன்றவை மாடித் தொட்டிக்குச் சரி. வீட்டுக்குள் அவை எறும்பையும் மண் ஈயையும் அழைத்துவரும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தொட்டியின் அடித்தட்டும் மணி பிளாண்ட் பாட்டிலும் அதற்கு ஏற்ற இடங்கள். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. முட்டைகள் விளிம்பில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் இதைத் தவறவே விடக் கூடாது.

தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, டீஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா ஆகியவை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இவற்றின் குடும்பமே. அந்தக் கிழங்குகள் நாக்கை அரிக்கக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இந்த இலைகளிலும் உள்ளன. கிழங்கைப் புளி விட்டு வேகவைக்கிறோம். இலையைக் குழந்தை பச்சையாகக் கடித்துவிடும்.

ஊருக்குப் போகும் நாட்கள்

மே மாதத்தில் பத்து நாள் வீடு பூட்டப்படும் என்பது ஜனவரியிலேயே தெரிந்த செய்தி. அதற்கான ஏற்பாடும் ஆண்டு இலக்கில் சேர்ந்தது. ஒரு வாளி நீரைத் தொட்டிகளுக்குச் சற்று மேலே வைத்து, தடித்த பருத்தித் திரியின் ஒரு முனையை வாளியின் அடியிலும் மறுமுனையை மண்ணுக்குள் இரண்டு அங்குலமும் விட்டால், காய்ந்த மண் தானே நீரை இழுத்துக்கொள்ளும். திரியை முன்கூட்டியே நனைத்து வைக்க வேண்டும். வாளியைக் கொசு புகாமல் துணியால் மூட வேண்டும். ஏப்ரலில் ஒரு வார இறுதியில், வீட்டில் இருக்கும்போதே மூன்று நாள் இதைச் சோதித்துப் பார்த்தால், எந்தத் திரி அதிகம் கசிகிறது, எது எட்டவில்லை என்பது தெரிந்துவிடும். ஸ்நேக் பிளாண்டுக்கும் இசட்-இசட்டுக்கும் இது தேவையே இல்லை. ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளிவைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்வரை காத்திருக்கும்.

ஆண்டு முடியும் மார்கழியில் கணக்குப் பார்க்க வேண்டியவை சில: மூன்றில் எத்தனை நிற்கின்றன, வெட்டி வைத்த துண்டு வேர் பிடித்ததா, எத்தனை ஞாயிறு சோதனை விடுபட்டது. செத்துப்போன செடி இருந்தால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கலாம். கறுத்துக் குழைந்த வேர் நீர் மிகுதியைக் காட்டும். காய்ந்து நொறுங்கும் வேர் நீர் எட்டாததைக் காட்டும். வேர் நன்றாயிருந்து தண்டு மெலிந்திருந்தால் குறை ஒளியில்தான். காரணத்தைத் தேதியோடு எழுதிவைத்துவிட்டு, அந்த இடத்துக்கு அடுத்த தையில் வேறு வகைச் செடி ஒன்றைப் பார்க்கலாம். மூன்றும் நின்றிருந்தால் ஜன்னலோரத்தில் இன்னும் இரண்டுக்கு இடமிருக்கிறதா என்று மீண்டும் லக்ஸ் அளவியை எடுக்க வேண்டும்; அதற்குள் எதிரே புதுக் கட்டடம் எழுந்திருக்கக்கூடும்.